நயாகராவின் கோட் தீவு நடைபாலங்கள்: பாலத்தை மாற்ற அருவியை நிறுத்த வேண்டிய கதை

நயாகரா அருவிக்கு அமெரிக்கக் கரையிலிருந்து போகிறவர்கள் கோட் தீவுக்கு நடந்து செல்லும் வழியில் வினோதமான ஒரு கட்டுமானத்தைக் கடப்பார்கள். கீழே கல் முகப்புடன் அழகான பழைய வளைவுப் பாலம். அதன் முதுகின் மேல், ராணுவ முகாமிலிருந்து தூக்கி வந்ததுபோல, இரும்புச் சட்டகத்தால் ஆன இன்னொரு பாலம். மக்கள் நடப்பது மேலே உள்ளதில். 2004-இல் 'தற்காலிகமாக' வந்த ஏற்பாடு அது. அதை அகற்றிப் புதுப் பாலம் கட்டுவது பற்றி நியூயார்க் மாநிலப் பூங்காத் துறை பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது 2016 ஜனவரியில்.

இரண்டு சிறிய நடைபாலங்களை மாற்றுவதற்கு இத்தனை ஆண்டுகள் ஏன்? பாலம் கட்டுவது இங்கே கடினமான வேலையல்ல. பாலத்துக்கு அடியில் ஓடும் தண்ணீரை எந்த மாதத்தில், எத்தனை மாதம் விலக்கி வைக்கலாம் என்ற கணக்குத்தான் வடிவம், செலவு, வேலை வரிசை எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இடமும் பழைய பாலங்களும்

நயாகரா ஆறு அருவியை அடையும் முன் கோட் தீவால் இரண்டாகப் பிளக்கிறது. பெரும்பங்கு கனடா பக்கம் குதிரைலாட அருவிக்குப் போகிறது. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அமெரிக்க வாய்க்கால் வழியாக அமெரிக்க அருவிக்கு வருகிறது. அந்த வாய்க்காலின் நடுவே கிரீன் தீவு என்றொரு சிறு திட்டு. ஒரு பாலம் கரையிலிருந்து கிரீன் தீவுக்கு, இன்னொன்று அங்கிருந்து கோட் தீவுக்கு. இரண்டிலிருந்தும் அருவியின் விளிம்பு சில நூறு மீட்டர்தான். அடியில் தண்ணீர் மணிக்கு 40 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் கொந்தளித்து ஓடுகிறது.

இந்த இடத்தில் முதல் பாலத்தைக் கட்டியவர்கள் தீவை விலைக்கு வாங்கிய போர்ட்டர் சகோதரர்கள். 1817-இல் மேற்புறத்தில், தண்ணீர் சற்று அமைதியாக இருக்கும் இடத்தில் கட்டினார்கள். அடுத்த குளிர்காலத்தில் பனிக்கட்டி அதை அடித்துக்கொண்டு போயிற்று. 1818-இல் கட்டிய இரண்டாவது பாலத்தை அருவிக்கு இன்னும் நெருக்கமாக, கொந்தளிப்புக்கு நடுவில் வைத்தார்கள். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் ஏரியிலிருந்து வரும் பெரிய பனிப்பாளங்கள் பாறைகளில் மோதி உடைந்து துண்டுகளாகத்தான் அங்கே வந்து சேரும். பாலம் நின்றது.

அதைக் கட்டிய முறையும் தெரிந்துகொள்ளத் தக்கது. கரையில் ஒரு தாங்கு மேடை. அதிலிருந்து நீண்ட மரங்களைத் தண்ணீருக்கு மேலே நீட்டி, கரைப் பக்க முனையில் கல்லை ஏற்றிப் பாரம் கொடுத்தார்கள். நீண்ட முனையிலிருந்து மரக்கூடு ஒன்றை ஆற்றில் இறக்கிக் கல்லால் நிரப்பினால் முதல் தூண் தயார். அதன்மேல் நின்று அடுத்த தூணுக்கு மரத்தை நீட்ட வேண்டியது. தண்ணீரை நிறுத்தாமல் வேலை செய்ய இன்றைக்கும் இதைவிடப் புதிய தத்துவம் கிடையாது. கிரேன் மட்டும் பெரிதாகியிருக்கிறது.

1856-இல் இரும்புப் பாலம் வந்தது. 1885-இல் நியூயார்க் மாநிலம் அருவிப் பகுதியைத் தனியாரிடமிருந்து மீட்டுப் பொதுப் பூங்காவாக அறிவித்தது. அமெரிக்காவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா என்று அது சொல்லிக்கொள்கிறது. நிலத்தோற்ற வடிவமைப்பாளர்கள் ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட்டும் கால்வெர்ட் வாக்ஸும் 1887-இல் கொடுத்த திட்டத்தின் சாரம் எளிது: ஆலைகளை இடி, மரங்களை விடு, அருவிக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் எதையும் நிறுத்தாதே. கிரீன் தீவிலிருந்த காகித ஆலை அப்படித்தான் போயிற்று. தீவின் இன்றைய பெயர் பூங்கா ஆணையத்தின் தலைவராக இருந்த ஆண்ட்ரூ கிரீனுடையது. பச்சை நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இரும்புப் பாலத்தின் இடத்தில் 1900–1901-இல் எழுந்தவையே இன்றைய கல்வளைவுப் பாலங்கள். இரண்டிலும் மும்மூன்று வளைவுகள். கரைப் பக்கப் பாலத்தின் ஒவ்வொரு வளைவும் 100 அடியைத் தாண்டும். மற்றதன் வளைவுகள் அதில் பாதியளவு.

கல் என்று தோன்றும், கல் அல்ல

முகப்பில் தெரியும் கல் ஓர் உடைதான். உள்ளே இருப்பது மெலான் முறைக் கான்கிரீட் வளைவு. ஆஸ்திரியப் பொறியாளர் யோசெஃப் மெலான் 1890களில் காப்புரிமை பெற்ற முறை இது. வளைத்த எஃகு விட்டங்களை வரிசையாக நிறுத்தி, அவற்றைச் சுற்றிக் கான்கிரீட் ஊற்றுவார்கள். கம்பி கட்டும் இன்றைய முறை வேரூன்றுவதற்கு முந்தைய காலம். எஃகு விட்டமே சாரத்தின் வேலையில் ஒரு பங்கைப் பார்த்துக்கொள்ளும் என்பதால் ஆழமான ஆறுகளுக்கு விரும்பப்பட்டது.

வளைவின் மேல் இருபுறமும் சுவர், நடுவில் மண்ணும் சல்லியும், அதற்கு மேல் தளம். இந்த வகைப் பாலம் எப்படிச் சீர்கெடும் என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். தளத்தின் விரிசல் வழியாக மழைநீரும் உருகிய பனியும் நிரப்பு மண்ணுக்குள் இறங்குகின்றன. வடிகால் துளைகள் சில பத்தாண்டுகளில் அடைத்துக்கொள்கின்றன. மண் ஊறிய பஞ்சாகிறது. குளிரில் அந்த நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது. பக்கச் சுவரை வெளியே தள்ளுகிறது, முகப்புக் கல்லைக் கான்கிரீட்டிலிருந்து பிரிக்கிறது. கான்கிரீட்டில் நுண்ணிய காற்றுக் குமிழிகளைக் கலந்தால் உறைபனியைத் தாங்கும் என்று தெரியவந்ததே 1930களின் பிற்பகுதியில். 1901-இன் கான்கிரீட்டில் அந்தக் காப்பு கிடையாது. நடப்பவர் வழுக்காமல் இருக்கக் குளிர்காலத்தில் உப்புத் தூவினால், குளோரைடு கீழே இறங்கி எஃகு விட்டத்தைத் தேடிப் பிடிக்கிறது. துரு எஃகைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் அடுக்கடுக்காக உரிகிறது.

நயாகராவில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. அருவியின் தெறிப்பும் கொந்தளிப்பின் சாரலும் கற்களை ஓயாமல் நனைத்துக்கொண்டே இருக்கின்றன. குளிர்காலத்தில் ஒரே நாளில்கூட உறைந்து உருகி மீண்டும் உறையலாம்.

ஆற்றுப்படுகை கெட்டியான டோலோமைட் பாறை என்பதால், மணல் ஆற்றுப் பாலங்களைக் கொல்லும் அடியரிப்பு இங்கே முதல் எதிரி அல்ல. முதல் எதிரி மேலிருந்து வருகிறது. ஆனால் அதை எட்டிப் பார்ப்பதே பெரும்பாடு. சாதாரண ஆற்றில் படகைக் கட்டி வளைவின் அடியைத் தட்டிப் பார்க்கலாம். இங்கே படகு அறுந்தால் அடுத்த நிறுத்தம் அருவி. கயிற்றில் தொங்கியோ, தளத்தின் மேல் நின்று கீழே கை நீட்டும் வண்டியைக் கொண்டோதான் பார்க்க வேண்டும்; வண்டியின் எடையைத் தளம் தாங்குமா என்ற கேள்வி முதலில் வந்து நிற்கும்.

2004: தற்காலிகத்தின் ஆயுள்

வளைவுகளை நம்ப முடியாத நிலை வந்தபோது எடுத்த முடிவு புத்திசாலித்தனமானது: தொழிற்சாலையில் செய்த எஃகுச் சட்டகப் பாலத்தைப் பழையதின் மேல் போட்டுவிடு. நடப்பவர்களின் பாரம் வளைவின் நடுவில் விழாது; கல்முகப்பைத் தொட வேண்டியதில்லை; வாய்க்காலில் இறங்க வேண்டியதே இல்லை.

தற்காலிகத்துக்கு ஒரு தீய குணம் உண்டு. ஆபத்தை நீக்கிவிடுவதால் அவசரத்தையும் நீக்கிவிடுகிறது. கீழே உள்ள வளைவு தன் சொந்த எடையையும் ஊறிய மண்ணையும் சுமந்துகொண்டு தொடர்ந்து கெடுகிறது. மேலே சட்டகம் உறுதியாக நிற்பதால் பட்ஜெட்டில் அந்தத் திட்டம் அடுத்த வரிக்குத் தள்ளப்படுகிறது. 2016-இல் கருத்துக் கேட்டபோதும் பணம் ஒதுக்கியிருக்கவில்லை. மதிப்பீடு 2 கோடி டாலருக்கும் 4 கோடி டாலருக்கும் இடையில் இருந்தது. எந்த வடிவம், எத்தனை மாதம் தண்ணீர் விலக்கல் என்பதைப் பொறுத்து.

தண்ணீரை விலக்குவது

நயாகரா ஆற்றில் சராசரியாக வினாடிக்கு 2 லட்சம் கன அடி ஓடுகிறது. மேட்டூர் நீர்வரத்துச் செய்தியைத் தினமும் படிப்பவர்களுக்கு இந்த அளவின் கனம் தெரியும். காவிரியில் வெள்ளக் காலத்தில் ஓரிரு நாள் வருவது இங்கே வருடம் முழுக்க வருகிறது. ஆனால் அத்தனையும் அருவிக்குப் போவதில்லை. 1950-ஆம் ஆண்டு அமெரிக்க–கனடா உடன்படிக்கையின்படி சுற்றுலாக் காலத்தில் பகலில் அருவிகளின் மேல் குறைந்தது 1 லட்சம் கன அடி விழ வேண்டும். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 8 முதல் இரவு 10 வரை. அதன்பின் அக்டோபர் இறுதி வரை இரவு 8 வரை. மற்ற நேரங்களில் 50,000 கன அடி போதும். மீதியை இரு கரை மின் நிலையங்களும் எடுத்துக்கொள்ளும்.

ஆக, அமெரிக்க வாய்க்காலின் பங்கு பகலில் 10,000 கன அடியை ஒட்டியும் இரவில் அதில் பாதியை ஒட்டியும் இருக்கும். மேலே இரு நாடுகளும் சேர்ந்து இயக்கும் கதவணை ஒன்று உண்டு. ஆனால் அது கனடா கரையிலிருந்து ஆற்றின் பாதிவரைகூட முழுதாக எட்டாது. கதவை இறக்கினால் அமெரிக்க வாய்க்கால் வறண்டுவிடும் என்று நினைப்பது தவறு. வாய்க்காலின் வாயில், கரைக்கும் கோட் தீவின் தலைக்கும் இடையே, தடுப்பணை போட்டே ஆக வேண்டும்.

அது முடியும் என்பதற்குச் சான்று 1969. அமெரிக்க அருவியின் அடியில் குவிந்த பாறைகளை அகற்றலாமா என்று ஆராய, அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை அந்த ஆண்டு ஜூன் 12-இல் அமெரிக்க அருவியை முழுவதுமாக நிறுத்திக் காட்டியது. ஏறத்தாழ 600 அடி நீளத் தடுப்பணை; 27,800 டன் பாறையும் மண்ணும்; கொட்டி முடிக்க மூன்றே நாள். 22 டன் லாரிக்குக் கணக்கிட்டால் 1,260-க்குமேல் நடை. நிறுத்திய நீர் வினாடிக்கு 60,000 கேலன், அதாவது ஏறத்தாழ 8,000 கன அடி. அது குதிரைலாட அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டது. மனிதர் தொடாமலே 1848 மார்ச் இறுதியில் ஒருமுறை ஆறு நின்றதுண்டு: ஏரி ஈரியின் வாயைப் பனிக்கட்டி அடைத்ததால் ஒரு நாளுக்கும் மேல் அருவி வற்றிக் கிடந்தது.

தடுப்பணையில் கை சறுக்கும் இடம் கடைசி இடைவெளி. இரு பக்கமிருந்தும் கொட்டிக்கொண்டு வரும்போது நடுவில் வழி குறுகி வேகம் ஏறும். ஒரு வேகத்தில் உருளாமல் நிற்கத் தேவையான கல்லின் எடை அந்த வேகத்தின் ஆறாம் அடுக்கோடு உயர்கிறது. வேகம் இரட்டித்தால் கல் 64 மடங்கு கனமாக வேண்டும். ஓடும் நீரில் கல் நிற்குமா என்று கணிக்கும் வழக்கமான இஸ்பாஷ் சூத்திரப்படி வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் 75 கிலோ கல் நிற்கும். 4 மீட்டர் ஆனதும் 400 கிலோவுக்கு மேல் வேண்டும். எனவே லாரிகளை ஒரே அளவுக் கல்லோடு வரிசைகட்ட விடக் கூடாது. பெரிய கற்களைத் தனியே ஒதுக்கிக் கரையில் அடுக்கிவைத்து, கடைசி 20–30 மீட்டருக்கு அவற்றை மட்டும் இறக்க வேண்டும். அதையும் இரவுப் பங்கீடு நடக்கும் நேரத்தில் செய்தால் எதிரி பாதி பலத்தில் இருப்பான். மூடிய பின் மேற்புற முகத்தில் களிமண்ணோ தார்ப்பாயோ போர்த்தாவிட்டால் கசிவு நிற்காது. பாறையின் வெடிப்புகள் வழியாக எப்படியும் கொஞ்சம் வரும். அதற்குப் பள்ளங்களில் பம்பு.

எத்தனை மாதம் விலக்குவது என்பதற்கு 2016-இல் இரண்டு நாள்காட்டிகள் வைக்கப்பட்டன. ஒன்று: ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஐந்து மாதம் நிறுத்தி, பழையதை இடித்து, அடித்தளமும் தூணும் கட்டிவிட்டு, தண்ணீரைத் திறந்து, மேற்கட்டுமானத்தை அடுத்த ஆண்டு ஓடும் நீருக்கு மேலே முடிப்பது. இன்னொன்று: ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதம் ஒரே மூச்சில் முழு வேலையும்.

சுற்றுலா வியாபாரிகளில் சிலர் வற்றிய அருவியைப் பார்க்கவே கூட்டம் வரும் என்றார்கள். 1969-இல் அது நடக்கவும் செய்தது. ஆனாலும் வேலைத்தளம் என்ற கண்ணோடு பார்த்தால் ஐந்து மாதத் திட்டமே மேல். ஒன்பது மாதத் திட்டத்தில் ஏதாவது ஒன்று, உதாரணமாகப் பாறையில் எதிர்பாராத வெடிப்பு, மூன்று வாரம் தாமதித்தால் அந்தத் தாமதம் நேரே பனிக்காலத்தில் போய் முட்டும். ஐந்து மாதத் திட்டத்தில் உலர்ந்த படுகை தேவைப்படும் வேலை மட்டுமே உள்ளே இருக்கிறது; தூண் தண்ணீருக்கு மேல் தலைகாட்டிவிட்டால் மீதி காத்திருக்கலாம். எதிர்வாதமும் உண்டு: ஆகஸ்டில் தொடங்கும்போது ஒவ்வொரு வாரமும் விலை உயர்ந்தது, கெடு தவறினால் தடுப்பணையைப் பிரித்து அடுத்த ஆண்டு மீண்டும் கட்ட நேரிடும். அதனால்தான் இடிப்புக்கான முன்வேலை அனைத்தையும் தண்ணீர் ஓடும்போதே முடித்துவிட வேண்டும்.

இடிக்கும் வரிசை

வளைவுப் பாலத்தை இடிப்பதில் அனுபவமில்லாதவர்கள் செய்யும் தவறு ஒரு முனையிலிருந்து வரிசையாக உடைத்துக்கொண்டு வருவது. மூன்று வளைவுகள் இரண்டு நடுத்தூண்களின் மேல் நிற்கும்போது, ஒவ்வொரு தூணையும் இடப்பக்க வளைவு வலப்பக்கமும் வலப்பக்க வளைவு இடப்பக்கமும் தள்ளுகின்றன. இரண்டும் சமமாக இருப்பதால்தான் மெல்லிய தூண் நிற்கிறது. ஒரு வளைவை எடுத்தால் மற்றது தூணைச் சாய்க்கும். தூண் சாய்ந்தால் அடுத்த வளைவும் போகும்.

அளவு புரிய ஒரு மாதிரிக் கணக்கு. வளைவின் இரு கால்களுக்கும் இடையிலான நீளம் 33 மீட்டர், உயரம் அதில் பத்தில் ஒன்று, கான்கிரீட்டும் மண்ணும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 2.5 டன் என்று கொள்வோம். பாரத்தை அந்த நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி, உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் பக்கவாட்டுத் தள்ளல் கிடைக்கும்: பாலத்தின் அகலவாக்கில் ஒவ்வொரு மீட்டருக்கும் 103 டன். தட்டையான வளைவுகளின் குணம் அது.

ஆகவே வரிசை இப்படிப் போக வேண்டும். தற்காலிகச் சட்டகத்தைக் கழற்றுமுன் அதன்மேல் போகும் மின்கம்பி, குழாய் எதுவானாலும் மாற்று வழிக்கு மாற்றிச் சோதித்துவிட வேண்டும். தீவின் கழிப்பறைகளும் உணவகமும் நின்றுவிட்டால் திட்டத்தின் பெயர் முதல் வாரத்திலேயே கெடும். தீவுக்கு மேற்புறத்தில் வாகனப் பாலம் தனியே இருப்பதால் ஆட்கள் போக்குவரத்துக்கு வழி உண்டு. பிறகு முகப்புக் கற்கள்: ஒவ்வொன்றுக்கும் எண், படம், எந்த வரிசையில் எத்தனையாவது என்ற குறிப்பு, மரப்பலகை மேடையில் அடுக்கல். கல்லில் பெயின்டால் எண் எழுதுவது பொதுவான தவறு. பின்பக்கத்தில் உலோகத் தகடு பொருத்தினால் போதும்.

அடுத்து நிரப்பு மண். மூன்று வளைவிலிருந்தும் ஒரே அளவாக, அரை மீட்டர் அடுக்கு அடுக்காக. ஒவ்வொரு வளைவிலும் இரு காலிலிருந்தும் சமமாக எடுக்க வேண்டும். ஒரு காலைக் காலி செய்து மற்றதில் மண்ணை விட்டுவைத்தால் வளைவு ஒருக்களித்து மடியும். மண் போன பிறகு வளைவின் அடியில் முட்டு. படுகை உலர்ந்திருப்பதால் முட்டுகள் நேரே பாறையில் நிற்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே தண்ணீரை நிறுத்தலாம். பிறகு உச்சியில் மூன்றையும் சமகாலத்தில் வெட்டி இறக்க வேண்டும்.

மெலான் வளைவில் இங்கே ஒரு கண்ணி. கான்கிரீட்டை உடைத்துவிட்டால் துண்டு கீழே விழும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்: உள்ளே முழு நீளத்துக்கும் ஓடும் எஃகு விட்டம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். பாதி துருப்பிடித்த விட்டம் எந்த நொடியில் அறுந்து துள்ளும் என்று சொல்ல முடியாது. வைரக் கம்பி ரம்பத்தால் கான்கிரீட்டையும் எஃகையும் சேர்த்தே துண்டு போட்டு, கிரேனில் முன்கூட்டியே பிடித்துத் தூக்குவதுதான் பாதுகாப்பு. ஒரு கான்கிரீட் துண்டுகூடப் படுகையில் தங்கக் கூடாது. தண்ணீர் திரும்பியதும் அது அருவியில் விழும், அல்லது அதைவிட மோசமாக, தங்கி நின்று வெள்ளை நுரையாக ஊருக்கே காட்டிக்கொடுக்கும்.

மூன்று வடிவங்கள்

புதுப் பாலத்துக்கு மூன்று யோசனைகள்: வார்த்துக் கொண்டுவரும் கான்கிரீட் வளைவு, எஃகு கர்டர் (நேரான விட்டம்), மேலே வில் எழும்பிய எஃகுப் பாலம்.

வில் பாலம் பொறியாளருக்கு இனிப்பு. வளைவின் தள்ளலைத் தளமே கயிறுபோல இழுத்துப் பிடித்துக்கொள்வதால் கரைத் தாங்கிகளுக்கு நேர்பாரம் மட்டுமே போகும். நடுத்தூணைக் குறைக்கலாம் அல்லது தவிர்க்கலாம், வாய்க்காலில் வேலையும் குறையும். ஆனால் தளத்துக்கு மேலே எழும் வில் கொந்தளிப்பைப் பார்க்கும் கண்ணின் குறுக்கே நிற்கும். தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட, ஓம்ஸ்டெட் கை பட்ட இடத்தில் அதை நியாயப்படுத்துவது கஷ்டம்.

எஃகு கர்டர் மலிவு, விரைவு. கரையிலிருந்து தள்ளி நிறுத்தலாம். போர்ட்டர்கள் மரத்தை நீட்டியதுபோலவே. சிக்கல் துரு. பெயின்ட் அடிக்காமல் தானே காப்புத் துரு போர்த்திக்கொள்ளும் எஃகைப் போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். ஓடும் நீருக்கு மேல் 8 அடிக்குள் இருந்தால் அந்த எஃகைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க மத்திய நெடுஞ்சாலைத் துறையின் 1989 வழிகாட்டுதல் எச்சரிக்கிறது. நிரந்தர ஈரத்தில் காப்பு அடுக்கு உருவாகவே உருவாகாது. சாரல் ஓயாத இடத்தில் 8 அடிக்கு மேலும் அதை நம்ப வேண்டாம். துத்தநாக முலாம், அதன் மேல் பெயின்ட் என்று போனால் இருபது, இருபத்தைந்து ஆண்டுக்கொருமுறை கொந்தளிப்பின் மேல் சாரம் கட்ட வேண்டிவரும்.

கான்கிரீட் வளைவு பழைய தோற்றத்துக்கு மிக அருகில் வருகிறது, எண் போட்டு வைத்த கற்களுக்கும் வேலை கொடுக்கிறது. விலை அதிகம், தூண்களும் அடித்தளமும் கனமாக வேண்டும். ஆனாலும் நூறு ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்துப் பார்த்தால் இந்த இடத்துக்கு இதுவே பொருந்துகிறது. ஒரே நிபந்தனை, 1901-இல் செய்த பிழையை மறுபடி செய்யாதிருப்பது. வளைவின் முதுகில் நீர்க்காப்புத் தாள், நிரப்புக்கு மண்ணுக்குப் பதில் இலேசான நுரைக் கான்கிரீட், ஒவ்வொரு தாழ்விடத்திலும் கை நுழைத்துச் சுத்தம் செய்யும் அளவு வடிகால். முகப்புக் கல்லைத் துருவேறா எஃகுக் கொக்கியில் பிடித்து, பின்னால் காற்றிடைவெளி விட வேண்டும். சாந்தில் ஒட்டிய கல் மீண்டும் பிரியும்.

அடித்தளமும் கலவையும்

படுகை உலர்ந்ததும் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு தூண் இடத்திலும் துளையிட்டுப் பாறை மாதிரி எடுக்க வேண்டும். முன்பே எடுத்ததாக அறிக்கையில் இருந்தாலும் சரி. இங்குள்ள டோலோமைட்டில் கிடைவெடிப்புகளும் கரைந்த பொந்துகளும் உண்டு. மேலே கெட்டியாகத் தெரிவது அரை மீட்டருக்குக் கீழே தட்டையாகப் பிளந்திருக்கலாம். தளர்ந்த அடுக்கை நீக்கி, பாறையில் துளையிட்டுக் கம்பி இறக்கிச் சாந்து ஏற்றி, அவற்றில் சிலவற்றை இழுத்துச் சோதித்த பிறகே தூணுக்குக் கான்கிரீட். துளையை ஊதித் தூசி எடுக்காமல் சாந்து ஏற்றுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நேரும், கண்ணுக்குத் தெரியாத குற்றம்.

கலவையில் 5 முதல் 7 சதவீதம் காற்று, நீர்–சிமென்ட் விகிதம் 0.40-ஐ ஒட்டி, கம்பி துருவேறா எஃகு. காற்றளவை ஆலையில் பார்த்தால் போதாது; பம்பு குழாயின் முனையில் அளக்க வேண்டும், வழியில் ஓரிரு சதவீதம் தொலைந்துவிடும். தூணின் மேற்புற மூக்குக்குக் கூரான எஃகுக் கவசம்: 1817-ஐ நினைவில் வைத்து. கீழ்ப் பள்ளத்தாக்கில் 1938 ஜனவரி 27-இல் பனிக்கட்டிக் குவியல் ஒரு பெரிய எஃகு வளைவுப் பாலத்தையே காலை வாரி வீழ்த்தியது. நயாகராவின் பனியைக் கூடுதலாக மதிப்பிட்டு யாரும் நஷ்டப்பட்டதில்லை.

தளத்துக்கான பாரம் எளிய கணக்கு. அமெரிக்க நடைபால விதிப்படி சதுர அடிக்கு 90 பவுண்டு. 4 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளமுள்ள தளத்தில் ஏறத்தாழ 53 டன் கூட்டம். 10 அடிக்கு மேல் அகலமானால் 10 டன் பராமரிப்பு வண்டி ஒன்றையும் தாங்க வேண்டும். எஃகுத் தளமானால் செங்குத்து அதிர்வு வினாடிக்கு 3 முறைக்குக் கீழும், பக்கவாட்டு 1.3-க்குக் கீழும் இறங்காதபடி பார்க்க வேண்டும். இல்லையேல் நடப்பவர்களே பாலத்தை ஆட்டுவார்கள். கைப்பிடி 42 அங்குலம். சரிவு 20-க்கு 1-க்குள் இருந்தால் சக்கர நாற்காலிக்குத் தனி ஏற்பாடு தேவையில்லை.

வறண்ட அருவியைப் பார்த்துக்கொள்வது

தண்ணீர் இல்லாத ஐந்து மாதமும் அருவியின் முகத்தைச் சும்மா விட முடியாது. விளிம்பில் டோலோமைட், அதற்குக் கீழே ஷேல் என்னும் மென்மையான களிப்பாறை. எப்போதும் நனைந்திருந்த ஷேல் காய்ந்தால் தட்டுத் தட்டாக உதிரும், மேலே உள்ள பாறை தாங்கலின்றித் தொங்கும். 1969-இல் இதற்காகவே குழாய் இழுத்து முகத்தின்மேல் ஓயாமல் நீர் தெளித்தார்கள். விளிம்பின் வெடிப்புகளில் அசைவு அளக்கும் கருவிகளும் வைத்தார்கள். அவற்றைப் புதிய திட்டத்திலும் விலைப்பட்டியலின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். கடைசிப் பக்கத்தில் எழுதினால் பேரத்தில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். தண்ணீர் வடிந்த அன்றே குட்டைகளில் சிக்கிய மீன்களை அள்ளிப் பெரிய ஆற்றில் விட ஆட்கள் தயாராக நிற்க வேண்டும். இலையுதிர் காலத்தில் இந்த ஆற்றுக்குக் கூட்டம் கூட்டமாக வரும் கடல்காகங்களுக்கும் வறண்ட வாய்க்கால் ஓர் இழப்புதான். படுகையில் கிடக்கும் காசுகளைப் பொறுக்க ஆள் இறங்குவதைத் தடுக்கக் காவல் வேண்டும். 1969-இல் குவியல் குவியலாகக் கிடைத்தது.

திறப்பதிலும் அவசரம் கூடாது. நடுவில் சிறு வாய் வெட்டி, ஒரு நாள் மெல்லிய ஓட்டம் விட்டு, புதுத் தூணைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாயை அகலமாக்க வேண்டும். கொட்டிய பாறை முழுவதையும் திரும்ப அள்ள வேண்டும். கடைசியாகப் போட்ட பெரிய கற்கள்தான் அள்ளக் கடினம், அவற்றில் முன்பே தூக்குவளையம் பொருத்தியிருந்தால் பிழைத்தார்கள். 1969-இல் தண்ணீர் திரும்பிய நாள் நவம்பர் 25. இன்றைக்கு அதற்கு ஒரு கெடு இருக்கிறது. ஏரி ஈரியின் வாயில் ஆண்டுதோறும் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு எஃகு மிதவைச் சங்கிலி ஒன்றைக் கட்டுகிறார்கள், ஏரிப் பனி நிலைப்பதற்காக. ஏரி நீர் 4 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும்போது, அல்லது டிசம்பர் 16, எது முந்துகிறதோ அன்று அந்த வேலை தொடங்கும். மிதவைக்காரர்கள் புறப்படும் நாளில் தடுப்பணையின் கடைசி லாரி கரையேறியிருக்க வேண்டும்.